காக்டெயில் கிளிக்கு போர்னா வைரஸாம், வீட்டில் குழந்தை இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கொளத்தூரில் வாங்கிய காக்டெயில் ஜோடியில் ஆண் பறவை கொஞ்ச நாளாக இளைத்துக்கொண்டே போகிறது. நன்றாகத்தான் தின்கிறது, ஆனால் எச்சத்தில் தினை முழுசாக வருகிறது. கடைக்காரர் ‘போர்னாவாக இருக்கும்’ என்றார். போனில் தேடினால், அந்த வைரஸ் வந்த மனிதர்கள் பிழைப்பதில்லை, மூஞ்சூறு மூலம் பரவும் என்று வருகிறது. எங்கள் சமையலறையிலும் மூஞ்சூறு ஓடுகிறது, 3 வயதில் குழந்தை இருக்கிறாள். மாமியார் கூண்டைத் திறந்து விட்டுவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், கூண்டைத் திறந்து விடாதீர்கள். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது. அதுவும் இப்படி இளைத்த பறவையை வெளியே விட்டால் காக்காயும் பூனையும் அன்றைக்கே முடித்துவிடும், குழந்தைக்கும் அதனால் ஒரு நன்மையும் கிடையாது. கடைக்காரர் சொன்னதும் நீங்கள் போனில் படித்ததும் வேறு வேறு வைரஸ்கள். குடும்பப் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

நீங்கள் படித்தது ஜெர்மனியில் நடப்பது. அங்கே சாக்சனி மாநிலத்தில் போர்னா என்று ஒரு ஊர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர்ப் பக்கம் குதிரைப்படைக் குதிரைகள் மூளை நோய் வந்து கொத்துக்கொத்தாகச் செத்தன, அதனால்தான் இந்தப் பெயர். அந்த வைரஸைச் சுமப்பது அங்குள்ள ஒரு வகை வயல் மூஞ்சூறு. அதற்கு நோய் எதுவும் வராது, ஆனால் உடம்பு முழுக்க வைரஸ் இருக்கும், எச்சில், மூத்திரம், புழுக்கை எல்லாவற்றிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது பட்ட தீவனம், மண், தூசி வழியாகக் குதிரைக்கும் ஆட்டுக்கும் எப்போதாவது மனிதருக்கும் போகிறது. போன பிறகு நரம்பிலும் மூளையிலும் மட்டும் தங்கிவிடுவதால் குதிரையிடமிருந்தோ மனிதரிடமிருந்தோ அடுத்தவருக்குச் சாதாரணமாகப் பரவுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உறுப்பு தானம். ஒருவரிடமிருந்து உறுப்பு பெற்ற 3 பேருக்கு இந்தத் தொற்று வந்ததும் அதில் 2 பேர் இறந்ததும் 2018இல் வெளியானது, மனிதருக்கும் இந்த வைரஸ் மூளை அழற்சி தரும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானது அப்போதுதான். வந்தவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் பிழைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது வருடத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்களுக்கு, அந்த நாட்டின் குறிப்பிட்ட பகுதிகளில் வருகிற நோய். உங்கள் சமையலறையில் ஓடுவது வேறு இன மூஞ்சூறு. அதை விரட்டத்தான் வேண்டும், எலிக்காய்ச்சலுக்காக. சாக்கடை ஜாலியை அடைத்து வையுங்கள், ராத்திரியில் பறவைத் தீனியைத் திறந்து வைக்காதீர்கள்.

2011க்கும் 2013க்கும் நடுவில் ஜெர்மனியிலேயே இன்னொன்று நடந்தது. மத்திய அமெரிக்காவின் வண்ண அணில்களை வளர்த்த 3 பேர், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், மூளை அழற்சியில் இறந்தார்கள், அணிலிடம் தேடியபோது புது போர்னா வைரஸ் கிடைத்தது. வெளிநாட்டு அணில் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். போர்னாவால் மனநோய் வரும் என்றும் போனில் பார்த்திருப்பீர்கள். 1985இல் ஒரு ஆய்வு அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது, 2012இல் வந்த கவனமான ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பறவை. கிளி இனங்களைத் தாக்கும் போர்னா வைரஸ் 2008இல்தான் பிடிபட்டது. அதற்கு முன்னால் சில பத்தாண்டுகளாக மக்காவ் என்ற பெரிய கிளிகள் தின்றுகொண்டே மெலிந்து சாவதைப் பார்த்துக் காரணம் தெரியாமல் தவித்தார்கள். இந்த வைரஸ் தான் புகுந்த செல்லை உடைப்பதில்லை, சத்தமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டுபிடித்துத் தாக்கும்போது கூடவே நரம்பும் அழிகிறது. இரைப்பையை அசைக்கும் நரம்புகள் போய்விட்டால் பை தொளதொளவென்று விரிந்து, தீனி அரைபடாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் எச்சத்தில் பார்த்த முழுத் தினை அப்படி வந்ததாக இருக்கலாம். சில பறவைகளுக்குத் தலை ஆடும், கம்பியில் பிடி நழுவும். கிளி போர்னா மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை பதிவே இல்லை.

‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுத் தானியம் வருகிற எல்லாமே போர்னா ஆகிவிடாது. காக்டெயிலுக்கு வயிற்றில் ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை வந்தாலும் இதே கதைதான், குடல் புழுவும் இதையே செய்யும், மலிவான துத்தநாகப் பூச்சுக் கூண்டின் கம்பியைக் கொறித்துக் கொறித்து உலோக விஷம் ஏறினாலும் இதே மாதிரிதான் இளைக்கும். இந்த மூன்றுக்கும் மருந்து இருக்கிறது, போர்னா என்று முடிவு கட்டிவிட்டால் காப்பாற்றக்கூடிய பறவையைக் கைவிட்டதாகிவிடும், எனக்கு அதுதான் கவலை. கூண்டுக் கம்பிகளில் வெள்ளைப் பொடி படிந்தோ பூச்சு உரிந்தோ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நெஞ்சு நடுவில் இருக்கும் எலும்பை விரலால் தடவுங்கள், கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அன்று காலை எச்சத்தை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள், நுண்ணோக்கியில் பூஞ்சையும் புழுவும் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் விரிந்த இரைப்பையும் தெரியும், உலோகத் துண்டு இருந்தால் அதுவும் தெரியும். போர்னாவுக்கு பிசிஆர் சோதனை, எந்த லேபுக்கு அனுப்புவது என்று மருத்துவரைக் கேளுங்கள். வைரஸ் விட்டுவிட்டுத்தான் வெளியேறும், அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உண்டு என்று வந்தாலும் பதறாதீர்கள், வைரஸோடு ஆரோக்கியமாகவே இருக்கும் காக்டெயில்கள் நிறைய. வைரஸை அழிக்க மருந்து இல்லை, வீக்கம் குறைக்கும் மருந்தும் எளிதில் செரிக்கும் தீனியும் கொடுத்துப் பார்ப்போம், சில பறவைகள் நன்றாகவே இருக்கும்.

குழந்தைக்காக நீங்கள் யோசிக்க வேண்டியது கிளிக்காய்ச்சலைப் பற்றி. அது ஒரு பாக்டீரியா, காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் மனிதருக்கு நிமோனியா வரலாம், கண்டுபிடித்துவிட்டால் ஆன்டிபயாடிக்கில் சரியாகும். கூண்டின் அடியில் விரித்த பேப்பரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு மடித்து எடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தை அப்போது அந்த அறையில் வேண்டாம். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் ‘எங்கள் வீட்டில் பறவை இருக்கிறது’ என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள்.

பெண் பறவையை இன்றே வேறு கூண்டுக்கு, முடிந்தால் வேறு அறைக்கு மாற்றி, அதற்கும் சேர்த்துச் சோதனை எடுங்கள். முடிவு வரும்வரை முட்டை வைக்க விடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், கடையில் திருப்பியும் விடாதீர்கள்.