சிங்கப்பூரா, பாங்காக்கா, துபாயா? 25ஆவது கல்யாண நாளுக்கு எந்த ஊரில் பெரிய ஓட்டல்?

கேள்வி: சார், நான் குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனார். வருகிற மே மாதம் எங்களுக்கு 25ஆவது கல்யாண நாள். இத்தனை வருஷத்தில் திருப்பதி, ஏலகிரி தாண்டி நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. அதனால் ஆறு ராத்திரி வெளிநாட்டில், நல்ல பெரிய ஓட்டலாகப் பார்த்துத் தங்க ஆசை. சிங்கப்பூரில் மொட்டைமாடியில் நீச்சல்குளம் இருக்கிற ஓட்டல்தான் என்கிறாள் மகள். துபாயில் பாய்மரம் மாதிரி நிற்கிறதே, அது என்கிறார் அவர். எனக்கு பாங்காக்கில் ஆற்றோரமாக ஒரு ஓட்டல் போதும். சீட்டு எடுத்த பணம் 4 லட்சம் கையில் இருக்கிறது. போதாவிட்டால் மகளின் மேல்படிப்புக்குப் போட்ட 3 லட்சம் எஃப்டியை உடைக்கலாமா, நகையை வைக்கலாமா? டிராவல்ஸில் பேக்கேஜைத் தவணையிலும் தருகிறார்களாம். எந்த ஊர், எந்த வழி என்று சொல்லுங்கள்.

பதில்: டீச்சர், முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எஃப்டி வேண்டாம், நகை வேண்டாம், தவணையும் வேண்டாம். 4 லட்சத்துக்குள்ளேயே நீங்கள் கேட்கிற மாதிரி ஓட்டலில் தங்கலாம். ஆனால் ஆறு ராத்திரியும் ஒரே ஓட்டலில் இல்லை, அந்த ஒரு பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

துபாயை எடுத்தவுடனே தள்ளிவிடலாம் என்பது என் கட்சி, உங்கள் வீட்டுக்கார சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்கிற பாய்மர ஓட்டல் புர்ஜ் அல் அரப், 1999 டிசம்பரில் திறந்தது, அங்கே சாதாரண அறை என்றே ஒன்று கிடையாது, எல்லாமே தனி வரவேற்பறையோடு கூடிய சூட்தான், அதனால் மற்ற ஐந்து நட்சத்திர ஓட்டல்களோடு அதன் வாடகையை ஒப்பிடவே முடியாது. சரி, அதை விட்டு வேறு ஐந்து நட்சத்திர ஓட்டல் பார்த்தாலும் மே மாதம் என்பது இடிக்கிறது. வேலூர் வெயிலுக்கு, அதுவும் அக்னி நட்சத்திரத்தில், பயந்து துபாய்க்கு ஓடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? வெயில் ஏற ஏற அங்கே அறை வாடகை இறங்கும், வாஸ்தவம்தான். ஆனால் ஏன் இறங்குகிறது என்று யோசித்தால் பகல் முழுக்க அறையை விட்டு வெளியே வர முடியாது என்பது புரிந்துவிடும். அரையாண்டு லீவில் போகலாமென்றால் அது டிசம்பர் கடைசி, துபாயில் விலை உச்சத்தில் இருக்கிற சமயம். போதாததற்கு அறை வாடகையின் மேல் சேவைக் கட்டணம், மாநகராட்சிக் கட்டணம், 5% வாட் எல்லாம் ஏறும், ஐந்து நட்சத்திரம் என்றால் ராத்திரிக்கு 20 திர்ஹாம் சுற்றுலாக் கட்டணம் தனி. இன்னொன்று, திர்ஹாம் அமெரிக்க டாலரோடு கட்டிப்போட்ட நாணயம், ஒரு டாலருக்கு 3.6725 என்று வருஷக்கணக்காக மாறாமல் நிற்கிறது, டாலர் ஏறினால் அன்றைக்கே உங்கள் துபாய்ச் செலவும் ஏறிவிடும். நீங்கள் பள்ளியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு ஒரு பிப்ரவரியில் போய்ப் பாருங்கள், ஊரும் நன்றாக இருக்கும்.

இப்போது மகள் சொல்கிற மெரினா பே சாண்ட்ஸ். மூன்று கோபுரம், மேலே கப்பல் மாதிரி ஒரு தளம், 57ஆவது மாடியில் குளம். ஓட்டலில் தங்குகிறவர்களைத் தவிர வேறு யாரையும் அந்தக் குளத்துக்குள் விடமாட்டார்கள், அதனால்தான் அந்த ஓட்டலுக்கு அந்த விலை. மேலே நின்று ஊரைப் பார்ப்பது மட்டும் போதும் என்றால் தனியாக டிக்கெட் உண்டு, அறை எடுக்க வேண்டியதே இல்லை. ஆக நீங்கள் காசு கொடுப்பது குளத்துக்கு. நேராகவே கேட்கிறேன், டீச்சர், ஆறு நாளில் அந்தக் குளத்தில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியாகிவிட்டது என்றால் வேலை முடிந்தது. அதற்கு ஒரு ராத்திரி போதும்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிற ஒரு கணக்கு இருக்கிறது, பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் ஓட்டல்கள் பல இடங்களில் விலையைப் போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று 10% சேவைக் கட்டணம், இன்னொன்று ஜிஎஸ்டி, அது 2024 ஜனவரியிலிருந்து 9%. இதில் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் வரி போடுவார்கள். ஒரு அறை 700 சிங்கப்பூர் டாலர் என்று வையுங்கள். சேவைக் கட்டணத்தோடு 770, வரியோடு 839 டாலர் 30 காசு. கணக்குக்காக டாலர் 70 ரூபாய் என்று போட்டால் 58,751 ரூபாய். இதை நம் ஊர் சாதாரண கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணி மார்க்கப் என்று வங்கி கூடுதலாகப் போடுவது 3.5%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, சேர்த்து 4.13% பிடிப்பார்கள், அது ஒரு 2,426. மொத்தம் 61,177. திரையில் 700 என்று பார்த்தபோது உங்கள் மனசில் ஓடியது 49 ஆயிரம்தானே? ஒரு ராத்திரிக்கு 12 ஆயிரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆறு ராத்திரி அங்கேயே தங்கினால் 3 லட்சத்து 67 ஆயிரம், சீட்டுப் பணம் ஓட்டலோடு சரி, விமான டிக்கெட்டுக்கு எஃப்டிதான். உங்கள் கேள்வியில் எஃப்டி எப்படி வந்தது என்பது இப்போது தெரிகிறதா?

அதனால் எந்த ஊரில் விலை பார்த்தாலும் "எல்லா வரியும் சேர்த்து மொத்தம்" என்று காட்டுகிற கடைசிப் பக்கம் வரை போய்த்தான் ஒப்பிட வேண்டும். முதல் பக்கத்து விலையை வைத்து இரண்டு நாட்டை ஒப்பிடுவது சுத்த வேஸ்ட்.

பாங்காக்குக்கும் இதே கணக்குதான், 10% சேவை, 7% வாட், இரண்டும் சேர்ந்து 17.7%. ஆனால் அடிவிலையே வேறு. சாவோ பிரயா ஆற்றங்கரையில் மாண்டரின் ஓரியண்டல் 1876-இல் தொடங்கிய பழைய ஓட்டல், அது விலை ஜாஸ்தி, அதைப் போய்ப் பார்த்து ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அதே ஆற்றோரத்தில் இருக்கிற மற்ற ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மே மாதம் கூட்டம் குறைவு, மழை ஆரம்பிக்கிற சமயம், விலையும் இறங்கியிருக்கும். 7,000 பாட் அறை என்று வைத்தால் வரியோடு 8,239 பாட், பாட் இரண்டே முக்கால் ரூபாய் என்று போட்டால் 22,657, கார்டு மார்க்கப்போடு சுமார் 23,600. சிங்கப்பூரின் ஒரு ராத்திரிக் காசில் இங்கே இரண்டரை ராத்திரி. சிங்கப்பூரில் இடம் கொஞ்சம், ஆகவே ஓட்டல் வாடகையில் பெரும்பங்கு அந்த இடத்துக்குப் போகிறது, அறையும் பெரிதாக இருக்காது. பாங்காக்கில் அதே காசு அறையின் அளவாகவும் ஆள் கவனிப்பாகவும் திரும்பி வரும். பெரிய ஓட்டலில் தங்குவதுதான் ஆசை என்றால், காசுக்கு ஓட்டல் அதிகம் கிடைக்கிற ஊரில் அதிக ராத்திரி தங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த வகையில் மூன்று பேரில் சரியாகக் கேட்டது நீங்கள்தான்.

என் திட்டம் இது. சென்னையிலிருந்து பாங்காக், ஆற்றோரம் மூன்று ராத்திரி. பெரிய ஓட்டல்களுக்குச் சொந்தப் படகு இருக்கும், சபான் தக்சின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் படகுத்துறை வரை இலவசமாகக் கொண்டு விடுவார்கள், டாக்சிச் செலவே பாதி குறையும். அங்கிருந்து சிலோம் வீதி கிட்டத்தில், நம் ஆட்கள் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் அந்தத் தெருவில்தான், கல்யாண நாளுக்கு அர்ச்சனையும் ஆச்சு. அப்புறம் சிங்கப்பூர். லிட்டில் இந்தியா இருக்கிற செராங்கூன் சாலைப் பக்கம் சுத்தமான சாதாரண ஓட்டலில் இரண்டு ராத்திரி, எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 15 ஆயிரம் என்று வையுங்கள். காலையில் இறங்கி நடந்தால் இட்லி, காபி கிடைக்கும், ஆகவே பெரிய ஓட்டல்காரன் தனியாக டாலர் கேட்கிற காலை பஃபே தேவையில்லை. கடைசி ராத்திரி மட்டும் மகள் சொன்ன குளம்.

கூட்டுங்கள். பாங்காக் 71 ஆயிரம், செராங்கூன் 30 ஆயிரம், குளம் 61 ஆயிரம், ஆக 1 லட்சத்து 62 ஆயிரம். விமானத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரு லட்சம், சாப்பாடு, விசா, ஊர் சுற்றல், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் 80 ஆயிரம் ஒதுக்குங்கள். 3 லட்சத்து 42 ஆயிரம். விலை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சீட்டுப் பணத்தில் மீதி இருக்கும். மகளின் எஃப்டி பத்திரமாக அதன் இடத்தில் இருக்கும்.

நகைக்கடன் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. வெளிநாட்டு ஓட்டலுக்காக வீட்டு நகை வட்டிக் கடையில் படுத்திருக்க வேண்டாம். தவணைப் பேக்கேஜ் விஷயத்தில் மட்டும் ஒன்று. வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிராவல்ஸ்காரர் விலைக்கு மேல் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி, பிடிப்பார். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரையிலான பேக்கேஜுக்கு அது 5% ஆக இருந்தது, இந்த விகிதத்தை பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், வாங்குகிற அன்று எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது தொலைந்த காசு இல்லை, வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கிற வரிக் கணக்கில் வரும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் யார் பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில்தான் வரும். சம்பளத்தில் வரி கட்டுகிறவர் நீங்கள், உங்கள் பான் கொடுத்தால் கட்ட வேண்டிய வரியில் நேராகக் கழியும். சார் பெயரில் போட்டால் அவர் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். பேக்கேஜே எடுக்காவிட்டாலும் ஒருவர் வருஷத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், சார் இதை மறந்துவிடப் போகிறார்.

கார்டு விஷயம். ஓட்டலில் கையில் சாவி கொடுக்கும் முன் டெபாசிட் என்று ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் லிமிட்டில் கொஞ்சம் அடைபடும், கிளம்பினதும் விட்டுவிடுவார்கள். சாருடைய டெபிட் கார்டை நீட்டினால் கணக்கிலிருந்து நிஜப் பணமே போய்விடும், திரும்பி வர நாளாகும், அதற்குள் இங்கே கணக்கிலிருந்து தானாகக் கழிய வேண்டிய தவணை ஏதாவது பணமில்லாமல் திரும்பித் தொலைக்கும். எனவே கிரெடிட் கார்டுதான், அதிலும் மார்க்கப் இல்லாத கார்டு ஒன்றை இப்போதே வாங்கி வைத்தால் மேலே சொன்ன 4.13% மிச்சம். அப்புறம் கவுண்டரில் சிரித்த முகத்தோடு "ரூபாயிலேயே போடட்டுமா" என்று கேட்பார்கள், மிஷின் திரையிலும் ரூபாய்த் தொகை வரும். வேண்டாம், உள்ளூர் நாணயத்திலேயே போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விகிதம் போடுவார்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி விமானம் ஏறினால் விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். அறை கொடுப்பது மதியம் 3 மணி வாக்கில். முன்னாடியே அறை வேண்டுமென்றால் முந்தின ராத்திரி வாடகையும் சில இடங்களில் கேட்பார்கள். பகல் விமானம் பாருங்கள், இல்லையென்றால் பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டுச் சுற்றுங்கள். குளத்து ஓட்டலுக்கு மட்டும் வேறு கணக்கு, அன்று மதியமே அறைக்குப் போய்விடுங்கள், ஊர் சுற்றிவிட்டு ராத்திரி 9 மணிக்குப் போனால் 61 ஆயிரம் கொடுத்துத் தூங்கின மாதிரி ஆகிவிடும். அறை பதிவு செய்யும்போது கல்யாண நாள் என்று எழுதிப் போடுங்கள், கேக்கோ ஏதோ அனுப்புவார்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள், பிபி, சுகர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்பத்திரி பில் என்றால் என்ன என்று வேலூர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம், சிங்கப்பூர் பில் இன்னும் வேறு ரகம்.

கடைசியாக, ஆனால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நீங்கள் அரசு ஊழியர், வெளிநாடு போக துறையின் முன்அனுமதி வேண்டும். தாள் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று உங்களுக்கே தெரியும். ரத்து செய்தால் பணம் திரும்ப வராத அறை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அனுமதி கைக்கு வரும்வரை, கடைசி சில நாள் வரை ரத்து செய்யலாம் என்கிற விலையிலேயே மூன்று ஓட்டலையும் பதிவு செய்யுங்கள். அனுமதி வந்த அன்று ராத்திரி மறுபடி விலை பாருங்கள், குறைந்திருந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.