லேட்டெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதும் ஆவணத்தில் தலைப்புகளை எப்படி அமைப்பது?

தலைப்பு வடிவமைப்பு என்பது தலைப்பின் எழுத்துரு, அளவு, தடிப்பு, இடைவெளி ஆகியவற்றை ஒரே இடத்தில் சொல்லி வைப்பது. லேட்டெக்கில் கட்டுரைகளுக்கென உள்ள ஆயத்த வடிவமான கட்டுரை வகுப்பில் (article) பத்தி எழுத்து 10 புள்ளி (எழுத்தளவின் அலகு) என்றால் உட்பிரிவுத் தலைப்பு 12, பிரிவுத் தலைப்பு 14.4; படிக்குப் படி 1.2 மடங்கு. இந்தச் சிறு ஏற்றமே கண்ணுக்குப் போதும்.

அளவைவிட இடைவெளிதான் முக்கியம் என்பேன். தலைப்புக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இடம் விட வேண்டும். தலைப்பு அடுத்து வரும் பத்திக்கு உரியது அல்லவா? இரண்டு வீடுகளுக்குச் சரிநடுவே மாட்டிய பெயர்ப்பலகை யாருடையது என்று எப்படித் தெரியும்?

தலைப்பின் வடிவத்தை மாற்ற வேண்டுமானால், அதற்கென உள்ள டைட்டில்செக் (titlesec) என்ற கூடுதல் தொகுப்பில் ஒருமுறை சொல்லுங்கள். ஆவணம் முழுவதும் மாறிவிடும். தலைப்புக் கட்டளை இல்லாமல் கையால் தடிப்பாக்கிய வரியோ பொருளடக்கத்தில் தானாக இடம்பெறாது.

தலைப்புக்கு வேறு எழுத்துரு கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தி எழுத்துருவின் தடித்த வடிவமே தாராளமாகப் போதும்.