கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

ஐயா,

அம்மாவுக்கு 68 வயது. பட்டன் போன் பழுதாகிவிட்டதால் ஸ்மார்ட்போன் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எந்த மாடல் நல்லது? என் போனில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும் அவருக்கு ஏறவில்லை. ஏமாற்றுக்காரர்கள் பயம் வேறு. பேசாமல் எல்லாவற்றையும் நானே செய்து கொடுத்துவிடலாமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

மாடல் கிடக்கட்டும். 'ஏறவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சொல்லிக் கொடுத்தபோது போன் யார் கையில் இருந்தது? 'இங்க தொடும்மா, அப்புறம் இங்க, அவ்ளோதான்' என்று நீங்களே தொட்டு முடித்திருப்பீர்கள். அதற்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதா?

2000-ல் மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. நான் அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. மேஜை ஓரம்வரை அதை இழுத்துக்கொண்டு போய், அதற்கு மேல் இடமில்லாமல் விழித்தேன். கடைப் பையனுக்கு இருபது வயதிருக்கும். 'தூக்கி நடுவுல வைங்க சார், அம்பு அங்கயேதான் இருக்கும்' என்றான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். கடைசிவரை அவிழ்க்கவே இல்லை. மெயில் முகவரி ஒன்றை உண்டாக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நோட்டில் அரை மணி என்றுதான் எழுதினான்.

அந்தப் பையன் எனக்குச் செய்ததை நான் என் அம்மாவுக்குச் செய்யவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மா ஈபி கார்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கரண்ட் பில் கட்டப் போவாள். வரிசையில் நாலு பேரிடம் பேசி, திரும்பும்போது கீரை வாங்கி வருவாள். 'வெயிலில் எதுக்கு?' என்று நான் போனிலேயே கட்ட ஆரம்பித்தேன். அப்புறம் கேஸ் பதிவு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பேங்க் கணக்கு எல்லாம் என் போனுக்குள் வந்துவிட்டன. ஒருநாள் சமையலறை காலண்டரைப் பார்த்தேன். தேதிக் கட்டங்களில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'கேஸ் சொல்லணும்', 'பேங்க்ல பணம் வந்துதா கேக்கணும்.' எல்லாம் என்னிடம் கேட்க வேண்டியவை. நான் களைத்து வந்த நாட்களில் கேட்காமல் விட்டவற்றின் மேல் அம்புக்குறி போட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ளியிருந்தாள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவளை என் முகம் பார்த்துக் காத்திருக்க வைத்தது நான்தான். அதனால் சொல்கிறேன், 'நானே செய்துவிடலாமா' என்ற நினைப்பை இன்றோடு விடுங்கள்.

இன்னொன்று. வயதானவர்கள் தொட்டால் போன் கேட்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் விரல். தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. தோல் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்சாரத்தை உணர்கிறது. வயதானால் விரல் நுனி வறண்டுவிடும், திரை உணராது. உடனே அவர்கள் பட்டன் போன் பழக்கத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். நீண்ட நேரம் பிடித்தால் போனுக்கு அது வேறு கட்டளை. ஏதோ மெனு வரும், படம் இடம் மாறும். 'என்னம்மா பண்ணி வெச்சிருக்க?' என்று நாம் கத்துவோம். அவர் அடுத்த முறை தொடவே பயப்படுவார். கையில் கொஞ்சம் கிரீம் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் எவ்வளவு நேரம் பிடித்தால் நீண்ட அழுத்தம் என்பதைச் செட்டிங்ஸில் கூட்டிவைக்கலாம். எழுத்தையும் பெரிதாக்குங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வையுங்கள்: யுபிஐயில் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையில்லை, போவதற்குத்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

எந்த மாடல் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். நாலைந்து போனை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிடித்துப் பார்த்து, தொட்டுப் பார்த்து அவரே சொல்லட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.