வாசகர் கேள்வி – பதில்: எழுதும்போது மறு கையும் அசைவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது; மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். வலக்கையால் எழுதும்போது இடக்கை விரல்களும் கூடவே அசைகின்றன. நாக்கு வெளியே நீள்கிறது. சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொல்வதைக் கவனிப்பதில்லை என்கிறார் ஆசிரியை. மூளையை ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஓசூரில் இருக்கும் என் நாத்தனார் வற்புறுத்துகிறார். எடுக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், இப்போது ஸ்கேன் தேவையில்லை. வலிப்பு, தலையில் பலத்த அடி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, முன்பு செய்துவந்ததைச் செய்ய முடியாமற்போவது, வாந்தியுடன் தொடரும் தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது வேறு கதை. அப்போது மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.

நீங்கள் கவனித்த விரலசைவு, ஆராய்ச்சியாளர்களும் விரும்பிப் பார்க்கிற ஒன்று. வலக்கையை இயக்குவது மூளையின் இடப் பாதி. அது வேலை செய்யும்போது வலப் பாதியின் இயக்கப் பகுதி அடங்கியிருக்க வேண்டும். இந்த அடக்கம் பிறவியிலேயே முழுமையாக அமைவதன்று, தொடக்கப் பள்ளி வயதில் சிறிது சிறிதாக முதிர்வது. ஆகவே சிறு பிள்ளைகளிடம் இது இயல்பானதே. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடமோ ஒத்த வயதினரைவிட இது கூடுதலாகவும் நெடுநாளும் நீடிக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கென்னடி கிரீகர் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் மோஸ்டாஃப்ஸ்கியின் குழு, பிள்ளைகளை விரல்களை வரிசையாகத் தட்டச் சொல்லி, வேலை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி கிளர்ச்சியடைகிறது என்று காட்டும் செயல்நிலை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் இயக்கப் புறணி (மூளையின் மேலடுக்கில் அசைவை ஏவும் பகுதி) மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே கிளர்ச்சியடைந்தது. கையை அடக்குவதும் கவனத்தை நிறுத்துவதும் மூளையில் நெருங்கிய உறவினர் என்பதே இத்தகைய ஆய்வுகளின் சாரம்.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு இதைவிடப் பெரியது. ஏ.டி.எச்.டி. உள்ள 223 பேரையும் இல்லாத 223 பேரையும் ஒப்பிட்டபோது, மூளைப் புறணியின் பாதிப் பரப்பு தன் உச்சத் தடிமனை அடைந்த வயது, குறைபாடு இல்லாதவர்களுக்கு 7.5, உள்ளவர்களுக்கு 10.5. முன்மூளையில் இந்தத் தாமதம் மிகுதி. ஆனால் இயக்கத்துக்கான பகுதி மட்டும் அவர்களிடம் சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. ஏவும் பகுதி முந்தி, அடக்கும் பகுதி பிந்தினால் பிள்ளை துறுதுறுவென்று இருப்பதில் வியப்பில்லை. அந்த முன்மூளையும் வளராமல் நின்றுவிடவில்லை, அதே வரிசையில் பின்தங்கி வளர்கிறது என்பதே பெற்றோருக்கு என் கண்ணில் முக்கியமான செய்தி.

ஆனால் இவை பலருடைய படங்களைச் சேர்த்துப் பெற்ற சராசரிகள். ஒரே பிள்ளையின் படத்தைப் பார்த்து ஏ.டி.எச்.டி. உண்டு, இல்லை என்று எந்தக் கதிரியல் மருத்துவராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, தலை சிறிதளவு அசைந்தாலும் செயல்நிலை எம்.ஆர்.ஐ. முடிவுகள் பிழைபடும் என்பது 2012-இல் தெளிவாக நிறுவப்பட்டது. அசையாமல் இருக்க முடியாத பிள்ளையைத்தான் அசையாமல் கிடக்கச் சொல்கிறோம்!

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். விரல் தட்டல், ஒற்றைக் காலில் நிற்றல், குதிகாலால் நடத்தல் போன்ற எளிய சோதனைகளும், வீட்டிலும் பள்ளியிலும் அவன் நடந்துகொள்ளும் விதமும் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். பொத்தான் சிரமத்தை மறக்காமல் சொல்லுங்கள், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இயக்க ஒருங்கிணைப்புச் சிக்கலும் இருக்கிறது. அதற்கு, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி உதவும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்தால் குழந்தைக்குக் கதிர்வீச்சு பாதிப்பு உண்டா?
– வாசகர், அரூர்.

பதில்: இல்லை. அது காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு இயங்குவது, எக்ஸ்-கதிர் சி.டி. ஸ்கேனில்தான் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் யோசிக்க வேண்டியவை பேரிரைச்சலும், சிறுவர் அசையாதிருக்கத் தரப்படும் மயக்க மருந்துமே.

கேள்வி: எல்லையோரத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பாடத்தின்போது வேடிக்கை பார்க்கிறார்கள். இதுவும் கவனக்குறைபாடா?
– ஆசிரியை, தேன்கனிக்கோட்டை.

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி எனக் குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும். வீட்டு மொழியில் கதை சொன்னால் ஆர்வமாகக் கேட்டு, விளையாட்டில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்குக் குறை கவனத்தில் இல்லை, பாட மொழி இன்னும் பழகவில்லை. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். ஆண்டுதோறும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.