செவுளில் வெள்ளைப் பஞ்சு: மருந்துக்கு முன்னால் தண்ணீரைக் குளிரவையுங்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் எட்டு மாத ஆக்சலாட்டல் ஒன்று இருக்கிறது, சுமார் 18 செ.மீ. நீளம். ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. செவுள்கள் முன்பக்கமாக வளைந்து, நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. 60 லிட்டர் தொட்டி, அடியில் கலர் கல், போர் தண்ணீர். வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டரைக் குழாயடியில் கழுவுகிறோம். மதியத்தில் ஐஸ் பாட்டில் போடுகிறோம். மீன் கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா?
வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஊற்ற வேண்டாம் அம்மா. ஆக்சலாட்டல் மீன் அல்ல, தவளையைப் போல ஓர் இருவாழ்வி. உடம்பில் செதில் கிடையாது. தண்ணீரில் கரைந்தது தோல் வழியாகவே உள்ளே போய்விடும். மீனுக்கு விற்கும் பூஞ்சை மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீனோ தாமிர உப்போ கலந்திருக்கும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இதன் உயிருக்கே ஆபத்து.

பஞ்சு மாதிரித் தெரிவது பூஞ்சை. அது உடம்பு தளர்ந்த பிறகு வந்து ஒட்டுவது. எனக்கு அதைவிடக் கவலை, முன்பக்கம் வளைந்த செவுள்தான். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பல நாளாகத் தவிக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊரில் முதல் காரணம் சூடு.

இதன் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ நீர்நிலை, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல். 16 முதல் 18 டிகிரி இதற்குச் சுகம், 20 வரை பரவாயில்லை, 24ஐத் தாண்டினால் கெடுதல் தொடங்குகிறது. டெல்டாவில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள் வைத்த தண்ணீரே 30ஐத் தொடும். மார்கழி விடியற்காலையில்கூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இது உங்களுக்குக் கோடைப் பிரச்சினை மட்டுமல்ல, வருஷம் முழுக்க இருப்பது.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், பிராணிக்கோ தேவை கூடும். கூடவே அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் ஏறும். 18 டிகிரி, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.5 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் செவுளைச் சுடும் வடிவத்தில் இருக்கும். 30 டிகிரி, பி.எச். 8 என்றால் அதுவே 7 சதவீதத்தைத் தாண்டும். போர் தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 8ஐ ஒட்டியே இருக்கும். நீங்கள் ஃபில்டரைக் குழாயடியில் கழுவும்போது, அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவும் சாக்கடையில் போய்விடுகிறது. ஐஸ் பாட்டில் மதியத்தில் சில டிகிரி இறக்கும், உருகியதும் சூடு திரும்ப ஏறும். தினமும் இந்த ஏற்ற இறக்கமே ஒரு நோவு.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: மூடியில் ஓட்டை போட்ட 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக விடுங்கள், உடம்பு நன்றாக மூழ்கும் அளவு தண்ணீர். முனிசிபல் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். அதில் கற்றாழை கலந்திருக்கக் கூடாது. வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது, தாதுச்சத்தே இருக்காது. டப்பாவை 20 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் வையுங்கள். சூடு மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீர் முந்தின நாளே அதே அறையில் பிடித்து வைத்ததாக இருக்கட்டும்.

பூஞ்சைக்கு உப்புக் குளியல் போதும். ஒரு லிட்டருக்கு 10 கிராம், அயோடின் சேர்க்காத கல்லுப்பு. முழுக்கக் கரைத்து, டப்பாத் தண்ணீரின் அதே குளிர்ச்சியில், 10 நிமிடம், காலை மாலை இரு வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள். துள்ளித் துடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். நேரம் கூடினால் உப்பே செவுளை எரித்துவிடும். பஞ்சை விரலால் பிய்க்காதீர்கள், செவுளிழையும் சேர்ந்து வந்துவிடும்.

கலர் கற்களை இன்றே அள்ளி வெளியே போடுங்கள். ஆக்சலாட்டல் இரையைக் கடித்துத் தின்பதில்லை. வாயைப் படக்கென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், அடியில் கிடக்கும் கல்லும் கூடவே போகும். வயிறு உப்பி, ஒரு வாரமாகக் கழிவே இல்லாமல், பின்பக்கம் மேலே மிதந்தால் கல் அடைத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். தொட்டியின் அடி வெறுமையாகவே இருக்கட்டும்.

புதிய தொட்டி 110 லிட்டருக்குக் குறைய வேண்டாம். ஃபில்டரில் பாக்டீரியா ஊறி, அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்ஜியம் காட்ட நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை டப்பாதான் வீடு. பிறகு வாரம் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். குளிர்விக்க சில்லர் என்னும் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். மின்விசிறிக் காற்று காய்ந்த ஊரில் மூன்று, நான்கு டிகிரி இறக்கும், நம் பக்கத்து ஈரக்காற்றில் அவ்வளவு எடுபடாது. சில்லரையும் அடைத்த அறையில் வைத்தால் அது கக்கும் சூடே அறையை வேகவைக்கும், வெளிக்காற்று புழங்கும் இடம் வேண்டும். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மகோல் ஒட்டுங்கள். 2018இல் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். சில்லரும் ஏசியும் கட்டுப்படியாகாது என்றால், குளிர்ச்சி கொடுக்க முடிந்தவரிடம் இதை ஒப்படைப்பதே நியாயம். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரைக்கு மண்புழு நல்லது. வயலில் தோண்டிய புழு கூடாது, குருணை மருந்து போட்ட மண்ணாக இருக்கலாம். மண்புழு உரம் போடுபவரிடம் ஆப்பிரிக்க மண்புழு கேளுங்கள். மெலிந்த சிவப்புப் புழுவின் கசப்பால் பல ஆக்சலாட்டல்கள் துப்பிவிடும். குளிர்ச்சி கிடைத்த மூன்றாம் நாள் ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள், வாயில் திணிக்க வேண்டாம். தேறியபின் இந்த வயதுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும்.

ஐந்து நாளில் பஞ்சு குறையாவிட்டாலோ, தோலில் ரத்தச் சிவப்புத் திட்டு வந்தாலோ, உடம்பு வீங்கினாலோ நேரில் காட்ட வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, இந்த வகைப் பிராணியைப் பார்ப்பவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெயிலுக்கு முன் கிளம்பி, தெர்மகோல் பெட்டிக்குள் டப்பாவை வைத்து, துணி சுற்றிய ஐஸ் பாட்டிலை டப்பாவுக்கு வெளியே செருகுங்கள். பழைய தொட்டித் தண்ணீர் அரை லிட்டர் தனி பாட்டிலில் கொண்டுபோங்கள், சோதித்துப் பார்க்க உதவும்.