பாதை யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: களக்காட்டுக்கு மேற்கே மலையடியில் எங்கள் ஊர். 43 வீடுகள், பாதிக்கு மேல் காணிக்காரப் பழங்குடிகள். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் வெள்ளம் வந்தால் ஊர் துண்டாகிவிடும். போன வருசம் வலி கண்ட பெண்ணைப் போர்வையில் தொட்டில் கட்டித்தான் தூக்கி வந்தோம். 14 மனு கொடுத்தாயிற்று. "வெளிய இருந்து யாராவது பெரிய ஆளு வந்து பாத்தாத்தான் நமக்கு விடியும்ல" என்கிறார்கள் பெரியவர்கள். டிவிக்காரர்களைக் கூப்பிடவா, வரும் தேர்தலைப் புறக்கணிக்கவா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய 14 மனு நகலையும் விரித்துவைத்துப் படித்தேன். கையெழுத்து, கைநாட்டு, ஒன்றில் காப்பிக் கறைகூட இருக்கிறது. எல்லாவற்றிலும் "சாலை வசதி செய்து தருமாறு மிகவும் தாழ்மையுடன்". ஒன்றில்கூட சர்வே எண் இல்லை.

வளர்ச்சித் துறையில் மனு வாங்குகிற பக்கம் பல வருசம் உட்கார்ந்தவன் நான். இப்படிப்பட்ட மனுவுக்கு என்ன ஆகும் என்று தெரியும். ஊராட்சி ஒன்றிய அலுவலகம் "இது வனத்துறை இடம்" என்று எழுதும். வனத்துறை "சாலை போடுவது எங்கள் வேலையல்ல" என்று எழுதும். இரண்டுமே பொய்யில்லை. கோப்பு மூடப்படும்.

ஆகவே முதல் வேலை, அந்த 3 கிலோமீட்டரும் யார் பேரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எந்தச் சர்வே எண் யார் பேரில், என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும், அந்த எண்ணின் எல்லைகளை வரைந்த புலப்படமும் அரசின் நில ஆவண இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதையில் நடந்து, எந்த எண்ணில் நுழைகிறோம், எங்கே வெளியேறுகிறோம் என்று குறியுங்கள். ஒரு துண்டு வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்கும், ஒரு துண்டு ஓடை, ஒரு துண்டு யாரோ ஒருவரின் பட்டா, மிச்சம் காப்புக்காடு. ஒவ்வொரு துண்டுக்கும் கதவு வேறு.

நீங்கள் வரைந்தனுப்பிய படத்தை வைத்துப் பார்த்தால் காட்டுக்குள் வருவது 1.8 கிலோமீட்டர். இதற்கு வழி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என 13 அரசு வசதிகளுக்குக் காட்டு நிலத்தை விடச் சொல்கிறது. நிபந்தனை மூன்று: ஒவ்வொரு வேலைக்கும் 1 ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரைக்கவேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குவது. பொறியாளர் ஓரங்களையும் சேர்த்து 6 மீட்டர் அகலம் போட்டால் 1.8 கிலோமீட்டருக்கு 1.08 ஹெக்டேர் ஆகிவிடும், வரம்பு தாண்டியாயிற்று. அதே பாதையை 5 மீட்டரில் அடக்கினால் 0.9 ஹெக்டேர், மரம் 67 வரை. மதிப்பீடு போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

கிராமசபை என்றால் ஊராட்சி முழுவதற்கும் நடக்கிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வன உரிமைச் சட்டப்படி உங்கள் ஊரின் வயது வந்தவர்கள்தான் சபை. 2012 திருத்த விதிப்படி பாதிப்பேர் வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண், நீளம், அகலம் மூன்றும் ஏறட்டும். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். ஒன்றிய அலுவலகம் விண்ணப்பிக்க, வனச்சரகர் வந்து பார்த்து, முடிவு மாவட்ட வன அலுவலர் நிலையில் வரும்; உங்கள் பக்கத்தில் அது புலிகள் காப்பகத்தின் களக்காடு துணை இயக்குநர் அலுவலகம். மறுத்தால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். பாதை புலிகள் காப்பகத்துக்குள் விழுந்தால் 1972 வன உயிரினச் சட்டக் கேள்விகளும் சேரும், நாளாகும்.

அதனால் நானாக இருந்தால் சாலையை முதலில் கேட்கமாட்டேன், ஓடைக்குப் பாலம் கேட்பேன். உங்கள் படத்தில் ஓடை காட்டுக்கு வெளியே, வருவாய்ப் புறம்போக்கில் கிடக்கிறது. அங்கே வனத்துறை அனுமதி வேண்டாம். பாலம் வந்தால் 108 வண்டி காட்டு எல்லை வரையாவது வரும், தொட்டில் தூக்குகிற தூரம் குறையும்.

டிவிக்காரர்கள் வரட்டும், தப்பில்லை. ஆனால் தீர்மான நகல் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கள்; வெறுங்கையோடு கூப்பிட்டால் அழுகை மட்டும்தான் படமாகும். புறக்கணிப்பு எனக்குப் பிடிக்காத யோசனை. அறிவித்த மறுநாள் தாசில்தார் வருவார், மரத்தடியில் பேசுவார், கலைந்துபோவோம். தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும்போது அவர் நினைத்தாலும் புது வேலைக்கு உத்தரவு போட முடியாது. அப்படியும் அவர் வந்து நின்றால் உறுதிமொழி கேட்காதீர்கள். வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து அளக்க ஒரு தேதி கேளுங்கள், எழுத்தில்.

பழைய 14 மனுவும் வீண் இல்லை. 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தேதி மனு எந்தக் கோப்பு எண்ணில், யாரிடம் இருக்கிறது, குறிப்புரையின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்தப் பதிலையும் தீர்மானத்தையும் சேர்த்து ஒரு திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் கொடுங்கள். ரசீது எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

புலப்படம் கிடைத்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஓடை இரண்டு எண்களுக்கு நடுவே ஓடுகிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.