உரிம வாரிய விசாரணை: எத்தனை மாதம் காத்திருப்பது?

கேள்வி: நான் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நோயாளி ஒருவருக்கு மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டதாக அவருடைய மகள் உரிம வாரியத்தில் என் மீது புகார் அளித்துள்ளார். வாரியம் விளக்கம் கேட்டது. நானும் எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து மாதங்களாகியும் ஒரு வரி பதில் இல்லை. இத்தகைய விசாரணை எவ்வளவு காலம் நடக்கும்? இந்த மௌனத்தை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: இந்த மௌனத்தை வைத்து உங்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ எதையும் ஊகிக்க முடியாது. உங்கள் கோப்பு யாரோ ஒருவருடைய மேசையில் தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

புகார் வந்தவுடன் வாரியம் முதலில் பார்ப்பது, புகாருக்கு உள்ளானவர் தன்னிடம் பதிவு பெற்றவரா என்பதையும், சொல்லப்படுவது அப்படியே உண்மையாக இருந்தாலும் அது தொழில் ஒழுங்கு மீறலாகுமா என்பதையும்தான். கட்டணத் தகராறு போன்றவை பல இந்தக் கட்டத்திலேயே முகாந்திரமில்லை என்று முடித்து வைக்கப்படுகின்றன. அதற்குச் சில வாரங்கள் போதும். மருந்தின் அளவு தொடர்பான புகார் அப்படி எளிதில் முடிவதில்லை. மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட், மருந்துப் பதிவேடு, பணி நேரப் பட்டியல் ஆகியவற்றை வரவழைக்க வேண்டும். அன்று பணியிலிருந்தவர்களிடம் வாக்குமூலம் பெற வேண்டும். அதன் பிறகு அதே துறையைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் எல்லாவற்றையும் படித்துக் கருத்து எழுத வேண்டும். அந்த நிபுணர் பெரும்பாலும் வேறெங்கோ முழுநேரம் பணியாற்றுபவர். ஓய்வு நேரத்தில்தான் இதைப் படிப்பார். பாதி படித்தபின் இன்னொரு ஆவணம் வேண்டும் என்று அவர் கேட்டால் கோப்பு மீண்டும் தொடக்கத்துக்கே போகும். ஆகவே விசாரணைக் காலத்தில் விசாரிப்பதைவிடக் காத்திருப்பதற்கே அதிக நாட்கள் செல்கின்றன. அதே நிகழ்வு குறித்துக் காவல் துறையிலோ நீதிமன்றத்திலோ வழக்கு இருந்தால், அது முடியட்டும் என்று வாரியம் நிறுத்தி வைப்பதும் உண்டு.

எண்ணிக்கையில் சொல்வதானால், இந்திய மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், புகார் மீது 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம், மருத்துவர் மீதான புகாரின் விசாரணை சராசரியாக 6 மாதத்திலும், சிக்கலான மருத்துவப் பிரச்சினைகள் கொண்டதாயின் ஓராண்டிலும் முடிய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. குற்றச்சாட்டு வழங்குவதும் நேர்முக விசாரணையும் அதற்குப் பிறகுதான். பிரிட்டனின் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் கவுன்சில் தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு, 100 புகார்களில் 80ஐ 15 மாதத்துக்குள் முடிப்பது. இலக்கே 15 மாதம் என்றால் ஐந்து மாதம் அசாதாரணமன்று.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். விதியில் 6 மாதம் என்று இருந்தால், அது கடந்ததும் புகார் காலாவதியாகிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். மேற்சொன்ன 2002 விதிகளிலேயே, மாநில கவுன்சில் (மருத்துவர்களுக்கான மாநில உரிம வாரியம்) 6 மாதத்தில் முடிக்காவிட்டால் அகில இந்திய அளவிலான மேல் அமைப்பு அதை விரைவுபடுத்தச் சொல்லலாம் அல்லது தானே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. புகார் மறைந்துவிடும் என்று இல்லை.

நீங்கள் வாரியத்துக்கு எழுதும்போது எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் உறுதியான பதில் தர மாட்டார்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நிபுணர் கருத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதா, என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் நிலுவையில் உள்ளதா என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பதால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். பழைய முகவரிக்குச் சென்று திரும்பிய கடிதத்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடிவெடுக்கப்படும் நிலை வரலாம். புகார் தந்த மகளைத் தொடர்புகொண்டு சமாதானம் பேச முயலாதீர்கள். பதிவேட்டில் ஓர் எழுத்துப்பிழையைக்கூட இப்போது திருத்தாதீர்கள். மருந்தளவுத் தவறு எச்சரிக்கையோடு முடியக்கூடும். பதிவேட்டைத் திருத்தியது தெரியவந்தால் உரிமமே போகலாம்.

கேள்வி: நான் இயன்முறை மருத்துவர். என் மீது விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை வேலை பார்க்கலாமா? பேசாமல் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு விலகிவிட்டால் இது முடிந்துவிடாதா?

பதில்: எழுத்தில் தடை ஏதும் வராதவரை பொதுவாகப் பணியைத் தொடரலாம். நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் மட்டுமே விசாரணையின்போதே தடை விதிப்பார்கள். பிரிட்டனில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அத்தகைய இடைக்காலத் தடையை 18 மாதம் வரை விதிக்கலாம்; அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்றத்தை நாட வேண்டும்.

உரிமத்தை ஒப்படைக்கும் யோசனையை வழக்கறிஞரைக் கேட்காமல் செயல்படுத்தாதீர்கள். விசாரணை நிலுவையில் இருக்கும்போது விலகுவதைப் பல வாரியங்கள் தண்டனைக்கு நிகராகவே பதிவு செய்கின்றன. அமெரிக்காவில் இது, மருத்துவத் துறையினர் மீதான நடவடிக்கைகளைத் தொகுத்து வைக்கும் தேசியத் தரவு வங்கிக்கே தெரிவிக்கப்படுகிறது. பின்னாளில் வேறு மாநிலத்தில் விண்ணப்பித்தாலும் அது தெரியவரும். உங்களிடம் தொழில்சார் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வாரிய விசாரணைக்கான வழக்கறிஞர் செலவையும் ஏற்கும் பாலிசிகள் உள்ளன. ஆனால் தாமதமாகத் தெரிவித்தால் அந்தச் சலுகையை இழக்க நேரிடும்.

கேள்வி: நான் மறுபக்கத்தில் இருப்பவன். என் தாயாரின் சிகிச்சை குறித்து மருத்துவர் மீது புகார் அளித்து ஒன்பது மாதமாகிறது. வாரியத்தின் முடிவு வந்ததும் இழப்பீடு கோரலாம் என்று காத்திருக்கிறேன். இது சரிதானா?

பதில்: சரியல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாரியம் மருத்துவரை எச்சரிக்கலாம், பயிற்சிக்கு அனுப்பலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையின் நோக்கம் இனிவரும் நோயாளிகளைக் காப்பதுதான். இழப்பீடு என்பது நீதிமன்றத்தின் அல்லது நுகர்வோர் ஆணையத்தின் வேலை. அவற்றுக்குத் தனிக் காலவரம்பு உண்டு. வாரியத்தில் புகார் நிலுவையில் இருப்பதாலேயே அந்தக் கடிகாரம் நிற்காது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பியிருப்பது புத்திசாலித்தனமன்று. நீங்கள் புகாரை அளித்துத்தான் ஒன்பது மாதம்; சிகிச்சை நடந்து எத்தனை மாதம் என்று எழுதவில்லை. அந்தத் தேதியை முதலில் பாருங்கள். சிகிச்சை ஆவணங்களின் நகல் கையில் இல்லையெனில், வாரியம் வரவழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு இன்றே எழுத்தில் விண்ணப்பியுங்கள். 2002 விதிகளின்படி மருத்துவர் அவற்றை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டுகள் வரைதான் அவற்றைப் பாதுகாத்து வைக்கும் கடமையும் அவருக்கு உண்டு.